டேட்டாபேஸ் டேபிள் போடுவதற்கும் பேட்டர்ன் இருக்கா? (நிலாவெளி, 14 அறை, ஒரு சீ.ஆர். கொப்பி)

கேள்வி: 2026 மார்ச் 1

திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் 14 அறை உள்ள கெஸ்ட் ஹவுஸ் ஒன்றுக்கு புக்கிங் சிஸ்டம் செய்து தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். இதுதான் முதல் வேலை. கம்பஸில் நோர்மலைசேஷன் (ஒரே தகவல் இரண்டு இடத்தில் கிடக்காமல் டேபிளைப் பிரிப்பது) படித்தேன். மூன்றாம் நோர்மல் போர்ம் வரை பரீட்சையில் பிழையில்லாமல் செய்வேன். ஆனால் பரீட்சையில் டேபிளை அவர்களே தந்து பிரிக்கச் சொல்வார்கள். இங்கே வெறும் தாள். இரண்டு நாளாக அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். புரோகிராமிங்கில் டிசைன் பேட்டர்ன் (திரும்பத் திரும்ப வரும் சிக்கலுக்குப் பழகின தீர்வு) என்று இருபது சொச்சம் இருக்கு, பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். டேபிளுக்கும் அப்படி இருக்கா அண்ணாமார்? இருந்தால் எந்த ஒழுங்கில் படிப்பது? ஒரு லிஸ்ட் தந்தால் போதும்.

பதில்: மார்ச் 1, இரவு 10.50

இருக்கு. தலையும் வரியும், பாலம், காலவரை, பேரேடு, மரம், பார்ட்டி–ரோல். இந்தா லிஸ்ட். இப்ப என்ன செய்யப் போகிறீர்?

அதுதான் சிக்கல், தங்கச்சி. லிஸ்ட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய ஏலாது. நான் ஒரு லிஸ்ட்டைப் பாடமாக்கிக்கொண்டு போய் உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுசை நாசமாக்கினவன். அதை ஆறுதலாக ஒரு நாள் எழுதுகிறேன்.

எட்கர் கொட் என்ற ஆய்வாளர் 1970 இல் ஐபிஎம்மில் இருந்துகொண்டு எழுதின கட்டுரையோடுதான் எல்லாத் தகவலையும் டேபிளாக வைக்கிற ரிலேஷனல் கதை தொடங்கியது. மூன்றாம் நோர்மல் போர்ம் அடுத்த வருடம் வந்தது. நோர்மல் போர்ம் எல்லாம் ஏற்கெனவே போட்ட டேபிளில் பிழை பிடிக்கிற வேலை. என்ன டேபிள் வேண்டும் என்று அது வாய் திறக்காது. உம்முடைய வெறும் தாளுக்கு அங்கே மருந்து இல்லை.

நாளைக்கு மத்திய வீதியில் ஒரு புத்தகக் கடைக்குப் போய் பில் புத்தகம் ஒன்று வாங்கும். திறந்து பாரும். மேலே சிவப்பில் நம்பர், திகதி, பெயர். கீழே கோடு கோடாக எண்ணிக்கை, விபரம், வீதம், ரூபா, சதம். அடியில் மொத்தம். அதுதான் முதல் பேட்டர்ன். மேல்பகுதி ஒரு டேபிள், கோடுகள் இன்னொரு டேபிள், ஒவ்வொரு கோடும் மேலே உள்ள நம்பரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பில், ஓடர், மருந்துச் சீட்டு, மீன் லொறிக்குக் கொடுக்கிற துண்டு, எல்லாம் இதே வடிவம். பெயர் தெரியாமலே ஊர் முழுக்க இதை எழுதிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். சாமான் டேபிளில் விலை இருக்கும். பில் வரியிலும் விலையைத் திரும்ப எழுதி வைக்க வேண்டும்.

மார்ச் 2, காலை

இரவு எழுதின கடைசி வரிக்குக் கிண்ணியா நானா பாய்ந்து விழுந்திருக்கிறார்: "ஒரே விலையை இரண்டு இடத்தில் வைப்பதா? படிக்கிற பிள்ளைக்கு இதையா சொல்லிக் கொடுப்பது?"

நானா, ஒரே விலை இல்லை. இன்றைக்கு என்ன விலை என்பது ஒரு செய்தி, அன்றைக்கு என்ன விலைக்கு விற்றோம் என்பது வேறொரு செய்தி. இரண்டுக்கும் ஒரே எண் வருவது தற்செயல். பில் புத்தகத்தில் கார்பன் தாளுக்குக் கீழே ஒரு பிரதி விழுகிறதே, சாமான் விலை ஏறினால் அந்த நீல எழுத்து தானாக மாறுமா?

பட்டது ஒன்று சொல்கிறேன். வற் (பெறுமதி சேர் வரி) வீதம் 2022 ஜூன் 1 இல் நூற்றுக்கு 12 ஆனது, செப்டம்பர் 1 இல் 15 ஆனது, 2024 ஜனவரி 1 இல் 18. நான் செய்து கொடுத்த ஒரு ஹோட்டல் சிஸ்டத்தில் வீதம் செற்றிங்ஸ் டேபிளில் ஒரேயொரு வரி. ஜனவரி முதலாம் திகதி விடிய எழும்பி 15 ஐ 18 ஆக்கிவிட்டுப் படுத்தேன், பெரிய வேலை செய்த மாதிரி. பெப்ரவரியில் அவர்களுடைய கணக்காளர் டிசம்பர் பில்கள் பத்தைத் திரும்ப அச்சிட்டுக் கேட்டார். பத்திலும் 18. வாடிக்கையாளர் கையில் உள்ள பில்லில் 15. அவர் போனில் ஒன்றும் பேசவில்லை. இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகுதான் காலவரைப் பேட்டர்னைக் கற்றேன். வீதத்துக்கு ஒரு டேபிள்: வீதம், எப்போதிலிருந்து, எதுவரை. புது வீதம் வந்தால் பழையதைத் திருத்துவதில்லை, அதன் "எதுவரை"யை நிரப்பிவிட்டுப் புது வரி ஒன்று போடுவது. பில்லிலும் அன்றைய வீதத்தையும் தொகையையும் எழுதி வைப்பது.

"வீத டேபிள் இருந்தால் பில்லில் எதற்கு?" என்று கேட்பீர்கள். யாராவது ஒருவர் பழைய வரியில் எழுத்துப்பிழை திருத்துகிறேன் என்று கை வைத்தால், கொடுத்து முடிந்த பில்கள் எல்லாம் சேர்ந்து ஆடும். கொடுத்த தாள் ஆடக்கூடாது.

மார்ச் 2, மாலை

"எதுவரை" என்பதில் ஒரு சின்னச் சண்டை. 2023 டிசம்பர் 31 என்று போடுவதா, 2024 ஜனவரி 1 என்று போடுவதா? நான் இரண்டாவது கட்சி. தொடக்கத்தைச் சேர்த்து, முடிவைச் சேர்க்காமல். அப்போது ஒரு வரியின் முடிவும் அடுத்த வரியின் தொடக்கமும் ஒரே திகதியாக இருக்கும், இடையில் ஓட்டை விழாது. 31 என்று போட்டால் அன்றைக்கு இரவு 11.40 பில் எங்கே விழும் என்று மண்டையை உடைக்க வேண்டி வரும். அறை புக்கிங்குக்கு வரும்போது இது எவ்வளவு உதவும் என்று பாரும்.

மார்ச் 3

சென்னையில் இருந்து ஒருவர், "உங்கள் விலை டேபிளில் காலம் இல்லை" என்று எழுதியிருந்தார். ஓம் என்று ஒப்புக்கொண்டு, விலைக்கும் காலவரை எப்படிப் போடுவது என்று இரண்டு பந்தி விளக்கம் கொடுத்துவிட்டேன். அவர் சொன்னது கொலம், டேபிளில் மேலிருந்து கீழாக வருகிற நிரல். அதை அங்கே காலம் என்று எழுதுவார்கள். நாணயம் எது என்பதற்கு ஒரு கொலம் இல்லையாம், வெளிநாட்டு ஆட்கள் டொலரில் கட்டுவார்களே என்று.

இரண்டும் இல்லைத்தான்.

மார்ச் 5

தங்கச்சி கேட்டிருக்கிறா: "விருந்தினர் டேபிளுக்கு அடையாள அட்டை நம்பரை பிரைமரி கீ ஆக்கலாமா? எல்லாருக்கும் ஒன்றுதானே இருக்கும்."

வேண்டாம். (பிரைமரி கீ என்றால் ஒரு வரியை மற்ற வரிகளில் இருந்து பிரித்துக் காட்டுகிற, திரும்ப வராத அடையாளம்.) ஒரு சிறிய கடனுதவிச் சங்கத்துக்கு இதைத்தான் செய்தேன். நம்பரில் ஆளின் பிறந்த வருடமும் நாளும் கிடக்கிறது, இரண்டு பேருக்கு ஒன்று வராது, இதைவிட நல்ல கீ எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். 2016 இல் புது நம்பர் வந்தது. ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும் போய் பன்னிரண்டு இலக்கம். பழைய அட்டையும் செல்லும். ஒரு அம்மா பழைய அட்டையில் அங்கத்தவர், கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. அட்டை துலைந்து புதிது எடுத்தா. கவுண்டரில் இருந்த பிள்ளை புது நம்பரைத் தட்டினாள், "இப்படி ஒருவர் இல்லை" என்றது, புது அங்கத்தவராகப் பதிந்தாள். அந்த அம்மாவுக்கு இரண்டாவது கடனும் கிடைத்தது. அவ கேட்டு வாங்கவில்லை, நாங்களாகக் கொடுத்தோம்.

பழையதைப் புதியதாக்க வழி இருக்கு: முன்னால் 19 ஐப் போட்டு, நாளைக் குறிக்கிற மூன்று இலக்கத்துக்குப் பின்னால் ஒரு 0 ஐச் செருகி, கடைசி எழுத்தைக் கழற்றினால் பன்னிரண்டு. அதை ஓட்டித்தான் சரிபார்த்தேன். ஆனால் அந்த நம்பர் பிரைமரி கீயாக இருந்ததால் கடன், தவணை, பிணையாளி, வருகை என்று ஏழு டேபிளில் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டி வந்தது. இரண்டு இரவு.

இப்போது செய்வது: ஆளுக்கு அர்த்தம் இல்லாத ஒரு எண், அதை யாருக்கும் காட்டுவதில்லை. அடையாளங்களுக்குத் தனி டேபிள்: எந்த ஆள், என்ன வகை, நம்பர். வகையும் நம்பரும் சேர்ந்து யுனிக் (இரண்டாம் தரம் பதிய விடாது), அதை மட்டும் மறக்க வேண்டாம். மறந்தால் ஒரே ஆள் பத்துத் தரம் வந்து உட்காருவார். பாஸ்போட்டுக்கும் இதே வழி. புதுப்பித்தால் நம்பர் மாறிவிடும், போன வருடம் வந்த ஜெர்மன்காரர் இந்த வருடம் புது ஆளாகத் தெரிவார்.

பெயரையும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரிக்காதீர். நம் ஆட்களில் அப்பாவின் பெயர் முன்னால் நிற்கும். சிங்கள ஆட்களுக்கு முன்னால் நாலு முதலெழுத்து வரும். முஸ்லிம் ஆட்களுக்கு முஹம்மது எந்தப் பெட்டிக்குள் போவது? முழுப்பெயர் ஒரு கொலம், கூப்பிடுகிற பெயர் ஒரு கொலம். சிவராசா என்று தமிழில் ஒரு விதமாக எழுதுகிறதை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். பெயரை வைத்து ஆளைத் தேடப் போனால் மூன்று சிவராசா கிடைப்பார்கள், மூன்றும் ஒருவர்.

மார்ச் 8, ஞாயிறு

சொன்ன மாதிரி உப்புவெளிக் கதை.

ஒன்பது அறை. நடத்துகிறவ என் நண்பனின் அக்கா. அப்போது நான் புதிதாகப் பார்ட்டி–ரோல் படித்திருந்தேன். ஆளையும் கம்பனியையும் "பார்ட்டி" என்ற ஒரே பொதுவான பொருளாக்குவது, அவர் விருந்தினரா, சப்ளையரா, வேலையாளா என்பதை "ரோல்" ஆக்கி வேறு டேபிளில் வைப்பது. ஒரே ஆள் இரண்டு வேடத்தில் வந்தாலும் இரண்டு தரம் பதிய வேண்டாம். அழகான யோசனை, அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. எனக்குத்தான் தலை கிறுகிறுத்துவிட்டது. பார்ட்டி, ரோல், ரோல் வகை, உறவு, உறவு வகை, தொடர்பு வழி, தொடர்பு வழியின் நோக்கம் என்று எண்ணி 31 டேபிள். ஒன்பது அறைக்கு.

முதல் நாள் அக்காவை இருத்தி ஒரு புக்கிங் போடச் சொன்னேன். பெயர் அடித்தா. அடுத்த பெட்டியில் "ரோல்?" என்று நின்றது.

"இதென்ன தம்பி?"

"அவர் உங்களுக்கு என்ன முறை எண்டு கேக்குது அக்கா."

"சம்பந்தம் பேசவா வந்தவர்? அறை கேட்டு வந்தவர்."

பத்து நாள் பொறுத்தா. பிறகு ஒரு நாள் போனேன், கொம்பியூட்டருக்கு மேல் துணி மூடியிருந்தது, மேசையில் சீ.ஆர். கொப்பி (தடித்த மட்டை போட்ட பெரிய நோட்டு).

அந்தக் கொப்பியை அன்றைக்குத்தான் முதல் தரம் ஒழுங்காகப் பார்த்தேன். சிஸ்டம் செய்யத் தொடங்கும் முன் பார்த்திருக்க வேண்டியது. மாதத்துக்கு விரிந்த இரண்டு பக்கம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக அறை. மேலே குறுக்காகத் திகதி. கேட்டு வைத்தவரின் பெயர் பென்சிலில். முற்பணம் வந்ததும் அதே பெயரின் மேல் பேனையால் எழுதுவா. வராமல் விட்டால் ரப்பரால் அழிப்பா, அந்த இடத்தில் தாள் மெலிந்து மறுபக்கம் தெரியும். மூன்றாம் நம்பர் அறைக்கு நாலு கட்டத்தில் சிவப்புக் குறுக்குக் கோடு. "அது ஏசி பழுது, குடுக்கேலாது."

என்னுடைய சிஸ்டத்தில் புக்கிங் நிலை என்று ஏழு வகை. அவவிடம் இரண்டு: பென்சில், பேனை. நான் விட்டது ஒன்று: சிவப்பு. பழுதான அறைக்கு விருந்தினர் இல்லை, பில் இல்லை, ஆனால் கட்டம் பிடிபட்டுவிட்டது. அப்போ அறையின் நாளைப் பிடிப்பது ஒரு வேலை, விருந்தினரின் புக்கிங் வேறு வேலை. 31 டேபிளில் இந்தப் பிரிவு எங்கேயும் இல்லை.

மார்ச் 8, பின்னேரம்

மேலே எழுதினதைப் பார்த்துவிட்டு ஒருவர் "அப்போ பேட்டர்ன் எல்லாம் பொய்யா" என்கிறார். இல்லையப்பா. இந்தப் பேட்டர்ன் என்ற பேச்சே வீடு கட்டுகிறவர்களிடம் இருந்து வந்தது. கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக்கலைஞர் 1977 இல் தன் கூட்டாளிகளோடு 253 தொகுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் முதலில் இன்ன இடத்தில் ஆட்களுக்கு இன்ன இடைஞ்சல் வருகிறது என்று இருக்கும், பிறகுதான் இப்படிக் கட்டு என்று வரும். நாங்கள் முதல் பாதியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பிரதி எடுக்கிறோம். ஒரே ஆள் விருந்தினராகவும் சப்ளையராகவும் வருகிற இடைஞ்சல் அக்காவுக்கு வந்ததா? நான் கேட்கவே இல்லை. (பிறகு கேட்டேன். ஒரேயொருவர். மீன் கொண்டுவந்து கொடுக்கிறவர், மகளின் கலியாணத்துக்கு இரண்டு அறை எடுத்தவர். அவருக்கு அக்கா காசே வாங்கவில்லை.)

மார்ச் 11

இரட்டை புக்கிங். தங்கச்சி இதை இப்போதே படித்து வைக்க வேண்டும், ஓகஸ்டில் படித்தால் பிந்திவிடும். இங்கே சீசன் மே தொடங்கி செப்டம்பர் வரை, ஓகஸ்டில் ஒரு அறை இரண்டு பேருக்குப் போனால் நடு இரவில் வேறு அறை தேடி வீதி வீதியாக அலைய வேண்டும்.

இரண்டு காலவரை மோதுகிறதா என்று பார்க்க: முதலாவது தொடங்குவது இரண்டாவது முடிவதற்கு முன், இரண்டாவது தொடங்குவது முதலாவது முடிவதற்கு முன். இரண்டும் சரியென்றால் மோதல். வேறு ஒன்றும் வேண்டாம். நாலைந்து நிலைமைகளாகப் பிரித்து இஃப் போட்டு எழுதாதீர், ஒன்று விடுபடும். முடிவைச் சேர்க்காத கணக்கில் 12 ஆம் திகதி காலை போகிறவரும் 12 பின்னேரம் வருகிறவரும் மோதமாட்டார்கள். மார்ச் 2 மாலை சொன்னது இதற்குத்தான்.

இதை புரோகிராமில் மட்டும் பார்த்தால் போதாது. அக்காவின் போனிலும் தம்பியின் போனிலும் ஒரே நிமிடத்தில் இருவர் ஐந்தாம் அறையைக் கேட்டார்கள். இரண்டு போனும் "இருக்கா?" என்று பார்த்தன, இரண்டுக்கும் "இருக்கு" என்று வந்தது, இரண்டும் பதிந்தன. பார்ப்பதற்கும் பதிவதற்கும் இடையில் ஒரு இடைவெளி இருக்கு. அதை மூட வேண்டியது டேட்டாபேஸ்தான்.

போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் இதற்கென்றே எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் (மோதுகிற வரியை உள்ளே விடாத விதி) இருக்கு, 9.0 ஆம் பதிப்பில் வந்தது, காலவரையை ஒரே பெறுமதியாக வைக்கிற ரேஞ்ச் வகைகள் 9.2 இல். "அறை ஒன்றாகவும் காலவரை மோதுவதாகவும் இருக்கிற இரண்டு வரி கூடாது" என்று ஒரு தரம் சொல்லி வைத்தால் போதும். அறை எண்ணையும் அதில் சேர்க்க பிட்ரீ ஜிஸ்ட் என்ற எக்ஸ்டென்ஷன் போட வேண்டும், இல்லாவிட்டால் விளங்காத எரர் ஒன்று வரும், நான் அரை நாள் தேடினேன். 2025 இல் வந்த 18 இல் பிரைமரி கீயிலேயே "மேலே விழாமல்" என்று எழுத வழி வந்துவிட்டது. மைஎஸ்கியூஎல் என்ற மற்ற டேட்டாபேஸில் இதெல்லாம் இல்லை.

மார்ச் 12, காலை 6

நேற்று எழுதினது பாதிதான் சரி. தங்கச்சி மைஎஸ்கியூஎல் பாவிக்கிறா, அதை அவ முதலிலேயே எங்கேயோ சொல்லியிருந்தா. நான் போஸ்ட்கிரஸ் புராணம் பாடிவிட்டேன்.

மைஎஸ்கியூஎல்லுக்கு: ஒரு இரவுக்கு ஒரு வரி. அறை, திகதி, யார் பிடித்தது. அறையும் திகதியும் சேர்ந்து பிரைமரி கீ. மூன்று இரவு புக்கிங் என்றால் மூன்று வரி, ஒரே ட்ரான்சாக்ஷனில் (மூன்றும் பதியும், இல்லாவிட்டால் ஒன்றும் பதியாது). இரண்டாவது ஆள் பதியப் போனால் கீ மோதி வெளியே தள்ளும். பழுதான ஏசிக்கும் அதே டேபிளில் வரி, புக்கிங் இல்லாமல்.

முந்தி யாராவது இப்படிச் செய்தால் சிரிப்பேன். மூன்று இரவை ஒரு வரியில் எழுதத் தெரியாதா என்று. இப்போது பார்த்தால் இது அக்காவின் கட்டம்தான், கட்டத்துக்குக் கட்டம். 14 அறைக்கு வருடம் முழுக்க எல்லாம் நிறைந்தாலும் 5,110 வரி. அவ்வளவுக்கும் மைஎஸ்கியூஎல் கொட்டாவிகூட விடாது. வெள்ளி, சனி இரவுக்கு வேறு விலை என்றால் விலையையும் அந்த வரியிலேயே எழுதலாம். காலவரையாக வைத்திருந்தால் அதற்கு வேறு கூத்து ஆட வேண்டி வரும்.

மார்ச் 15

மாமா திருக்கடலூரில் ஒரு சம்மாட்டியிடம் (போட், வலை சொந்தக்காரர்) கணக்கு எழுதுகிறார். நேற்று அவரோடு கரையில் நின்றேன். அங்கே நின்றபோதுதான் நான் இங்கே எழுதிக்கொண்டு வருகிறதில் ஒரு பெரிய துண்டு இல்லை என்று பட்டது.

போட் வந்து, மீன் நிறுத்து, ஏலம் போய், எண்ணெய்க்கும் ஐசுக்கும் கழித்து, மிச்சம் பங்கு பிரியும். போட்டுக்கு, வலைக்கு, ஆட்களுக்கு. பங்கு முறை போட்டுக்குப் போட் வேறு. மாரியில் வாடைக் காற்றுக்குக் கடல் அடித்துக்கொண்டு கிடக்கும்போது தொழிலுக்குப் போக ஏலாது, ஆட்கள் முற்பணம் வாங்கித்தான் சீவிப்பார்கள். பிறகு பங்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். அதைத்தான் மாமா எழுதுகிறார்.

மூன்று வருடத்துக்கு முன் மாமாவுக்கு ஒரு அப் செய்து கொடுத்தேன். ஆள் டேபிளில் "பாக்கி" என்று ஒரு கொலம். காசு கொடுத்தால் கூட்டும், கழித்தால் குறைக்கும். ஒரு நாள் ஒருவர் வந்து நின்றார். அப்பில் பாக்கி 16,000. அவர் சொன்னார் 12,000 தான் என்று. மாமா கொப்பியைத் திறந்தார், 12,000. ஏன் 4,000 வித்தியாசம்? எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு எண் மட்டும்தான் இருந்தது, அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை. அந்த மனிசன் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. கள்ளன் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மாமாவின் கொப்பியில் ரப்பருக்கு வேலை இல்லை. பிழையாக எழுதினால் வெட்டவும் மாட்டார். பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளடி, கீழே புது வரி: "3 ஆம் திகதி கூட எழுதினது, திருத்தம்", அதே தொகை எதிர்ப்பக்கத்தில். "அழிச்ச இடத்தைக் கண்டா, அழிக்காததையும் ஆக்கள் நம்ப மாட்டினம்" என்பார். இரட்டைப் பதிவுக் கணக்கை பாச்சியோலி 1494 இல் வெனிசில் அச்சேற்றினார் என்று படித்திருக்கிறேன், மாமாவுக்கு அவரைத் தெரியாது.

பேரேட்டுப் பேட்டர்ன் இதுதான். அசைவுகளுக்கு டேபிள்: ஆள், திகதி, தொகை, ஏன். சேர்க்கலாம், திருத்தக்கூடாது, அழிக்கக்கூடாது. பாக்கி என்பது கூட்டி எடுப்பது, வைத்திருப்பது இல்லை. ஒவ்வொரு தரமும் எல்லாவற்றையும் கூட்ட நேரம் எடுக்காதா என்று கேட்டால் அதற்கும் கொப்பியில் பதில் இருக்கு. பக்கத்தின் அடியில் "கொண்டு செல்லப்பட்டது", அடுத்த பக்கத் தலையில் "கொண்டு வரப்பட்டது". மாத முடிவில் ஒரு மீதி வரி போட்டு, அதற்குப் பிறகு வந்ததை மட்டும் கூட்டினால் போதும்.

இப்போது அக்காவின் கொப்பியையும் மாமாவின் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பாரும். அக்கா அழிப்பா. மாமா அழிக்கமாட்டார். அக்கா கவனமில்லாதவ இல்லை. அறை யார் பெயரில் இருக்கு என்பதுதான் அவவுக்குத் தேவை, நேற்று யார் பெயரில் இருந்தது என்பது தேவையில்லை. ஆனால் அதே அக்கா முற்பணத்துக்கு வேறு கொப்பி வைத்திருக்கிறா, அதில் ஒரு அழிப்பும் கிடையாது. நான் உமக்குச் சொல்லக்கூடிய படிப்பு ஒழுங்கு இதுதான்: போய் அவர்களுடைய கொப்பிகளைப் பாரும், எதை ரப்பரால் அழிக்கிறார்கள், எதைப் புள்ளடி போட்டு விடுகிறார்கள், எதை வருடா வருடம் புதுக் கொப்பியில் திரும்ப எழுதுகிறார்கள் என்று. பேட்டர்னின் பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

மார்ச் 16

கிண்ணியா நானா: "கொப்பியே இல்லாத இடத்தில் என்ன செய்வது? எல்லாம் வாட்ஸ்அப்பில் நடக்குது."

நியாயமான கேள்வி. நேற்றையதைக் கொஞ்சம் பெரிதாகச் சொல்லிவிட்டேன். கொப்பி இல்லாவிட்டால் சண்டையைக் கேட்பேன்: கடைசியாக எதற்குச் சண்டை வந்தது, அதைத் தீர்க்க எதைத் தேடினீர்கள்? பெரும்பாலும் வொய்ஸ் மெசேஜ் ஒன்றைத் தேடியிருப்பார்கள். அதில் சொன்னதுதான் எழுதி வைத்திருக்க வேண்டிய வரி.

மார்ச் 21

நடுவில் வந்த இரண்டு கேள்விக்குச் சுருக்கமாக.

மரம். ஊர், பிரதேச செயலகம், மாவட்டம், மாகாணம் என்பதற்கு ஒரே டேபிளில் பெற்றோர் ஐடி (தனக்கு மேலே உள்ளது எது என்று காட்டுகிற எண்) போடுவதா? படி எத்தனை என்று நிச்சயமாகத் தெரிந்தால், ஒவ்வொரு படிக்கும் என்னென்ன வைக்க வேண்டும் என்பது வேறு வேறானால், தனித்தனி டேபிளே நல்லது. 9 மாகாணம், 25 மாவட்டம் என்று கிடக்கிற இடத்தில் மரம் வளர்க்கத் தேவையில்லை. ஆழம் தெரியாத இடத்தில்தான் பெற்றோர் ஐடி, அதைத் திரும்பத் திரும்ப ஏறிப் பார்க்கிற குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கிற கேள்வி) மைஎஸ்கியூஎல்லில் 8.0 இல் இருந்து இருக்கு. ஒரேயொரு எச்சரிக்கை: பெற்றோரும் மாறலாம். 1988 இல் இருந்து 2006 முடியும் வரை நம் மாவட்டத்துக்கு மேலே வடக்கு கிழக்கு மாகாணம், 2007 ஜனவரி 1 இல் இருந்து கிழக்கு. பழைய பதிவுகளை மாகாண வாரியாகக் கூட்டச் சொன்னால் எந்த மாகாணம்? திரும்பவும் காலவரை.

அறை வசதிகள். "ஏசி, கடல் பார்வை, சுடுதண்ணி எல்லாவற்றையும் பண்பு, பெறுமதி என்று இரண்டு கொலத்தில் போட்டால் எது புதிதாக வந்தாலும் டேபிளை மாற்ற வேண்டாமே" என்கிறார் ஒருவர். செய்தேன், ஐயா. ஆறு மாதத்துக்குப் பிறகு பெறுமதிக் கொலத்தில் ஏசிக்கு "ஓம்", "இருக்கு", "1", "ஆம்", "உண்டு", ஒரு இடத்தில் "பழுது". ஏசி உள்ள அறைகளை எடுக்க எழுதின குவெரி ஒரு கவிதை மாதிரி இருந்தது. இருக்கா இல்லையா என்பது மட்டும் என்றால் அறைக்கும் வசதிக்கும் நடுவில் ஒரு பாலம் டேபிள் (எந்த அறை, எந்த வசதி) போதும். வரி இருந்தால் வசதி இருக்கு. எழுத ஒன்றும் இல்லை, பிழையாக எழுதவும் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 2

தங்கச்சி தன் டேபிள்களைப் போட்டிருக்கிறா. பதினொன்று. 31 இல்லை, சந்தோசம்.

இரவுக்கு ஒரு வரி, நல்லது. பழுதுக்கும் அதே டேபிள், நல்லது. முற்பணம் பேரேடாக, திருத்தம் எதிர் வரியாக, மாமாவிடம் காட்டினேன், "ஆர் இந்தப் பிள்ளை" என்று கேட்டார்.

பென்சிலுக்கும் பேனைக்கும் நிலைக் கொலம் வைத்திருக்கிறீர். ஆனால் பேனை என்பது முற்பணம் வந்தது என்பதுதானே, அது பேரேட்டில் ஏற்கெனவே இருக்கு. இரண்டும் வேறு வேறு கதை சொன்னால் எதை நம்புவீர்? கழற்றலாம். இல்லை, பொறும். முற்பணம் இல்லாமலே பேனையால் எழுதுகிற ஆட்கள் அக்காவிடம் உண்டு, வருடா வருடம் வருகிறவர்கள். வைத்திரும்.

தொலைபேசி நம்பரை இன்டிஜர் (வெறும் முழு எண்) ஆக வைத்திருக்கிறீர். 026 என்று தொடங்குகிற எங்கள் ஊர் நம்பர் 26 ஆகிவிடும். கூட்டிக் கழிக்கிற எண்ணா அது? எழுத்தாக வையும், வெளிநாட்டு ஆட்களின் கூட்டல் குறியும் அதில் நிற்கும்.

அறை எண்ணும் இன்டிஜர், 1 இல் இருந்து 14 வரை. கதவுகளைப் போய்ப் பார்த்தீரா? பார்த்துவிட்டு எழுதும்.

ஏப்ரல் 4

பார்த்தாவாம். 8 க்குப் பக்கத்தில் 8பி. 13 கிடையாது. மேல்மாடியில் இரண்டு கதவில் நம்பரே இல்லை, ஒன்று "கடல்", மற்றது "அம்மான்ட அறை". அம்மா மட்டக்களப்புக்குப் போகிற நாட்களில் மட்டும் அதை வாடகைக்கு விடுவார்களாம்.